அலுமினிய நெக் கிடார்: வடசென்னைப் பட்டறையில் செய்தால் எங்கெங்கே உதைக்கும்?

கொருக்குப்பேட்டை_கார்டு
எல்லாருக்கும் வணக்கம். ஸ்ட்ராட் மாடல் கிடார் பாடி ஒண்ணு நெக் (கழுத்து) இல்லாம இருக்கு. மர நெக்குக்குப் பதிலா அலுமினியத்துல கடைஞ்சு போல்ட் பண்ணலாமான்னு யோசனை. ஸ்கேல் (நட்டுங்கற தலைப்பக்கத் தாங்கிலேர்ந்து பிரிட்ஜ் வரைக்கும் கம்பி நீளம்) 25.5 அங்குலம் (648 மி.மீ.), 22 ஃப்ரெட் (வீணை மெட்டு மாதிரி), கம்பி செட் 10-46 (சன்னக் கம்பி 0.010, தடிக் கம்பி 0.046 அங்குலம்). எந்த கிரேடு வாங்கணும்? ட்ரஸ் ராடு (நெக் வளைவைத் திருத்த உள்ள போடற எஃகுக் கம்பி) வேணுமா? ஃப்ரெட்டை நேரா அலுமினியத்துலயே இறக்கலாமா? 7075 தான் ஒசத்தி, ஏரோப்ளேன் கிரேடுன்னு ஒரு வீடியோல பாத்தேன். வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் பட்டறைல கேக்குறதுக்கு முன்னாடி இங்க தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லேத்துப்பட்டறை
தம்பி, 7075 வேணவே வேணாம். பலம் அதிகம்தான், ஆனா அதுல துத்தநாகமும் செம்பும் இருக்கறதால உப்புக் காத்துக்குத் தாங்காது. நீங்க இருக்கற இடத்துலேர்ந்து கடல் எவ்வளவு தூரம்? அதோட, நெக்குக்கு அந்தப் பலமே தேவையில்ல.

கடைல கேக்கும்போது 6061-டி6 இல்லன்னா 6082-டி6 கேளுங்க. பழைய வியாபாரிங்க HE-ன்னு இங்கிலீஷ் எழுத்துலதான் சொல்வாங்க: எச்இ20-ன்னா 6061, எச்இ30-ன்னா 6082, எச்இ9-ன்னா ஜன்னல் பிரேமுக்கு வர்ற 6063. பாரிமுனைல செம்புதாஸ் தெரு, லிங்கி செட்டி தெரு பக்கம் விசாரிச்சா துண்டா அறுத்துக் குடுக்கற ஆளுங்க கிடைப்பாங்க. 80 × 30 பட்டை, 950 மி.மீ. நீளம் எடுத்தா ஆறு கிலோவுக்கு மேல வரும். அதுல முக்கால்வாசி சீவலாத்தான் போகும். சீவலைத் திருப்பி எடைக்குப் போடறது யாருன்னு முன்னாடியே பேசிக்கங்க.

இன்னொண்ணு. முடிஞ்சா டி651 கேளுங்க. அது உருட்டினப்புறம் இழுத்து உள் இறுக்கத்தை எடுத்த மெட்டீரியல். சாதா பட்டையை ஒரு பக்கம் மட்டும் ஆழமா வெட்டினா, வைஸை விட்டதும் வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கும்.

ஆறாவது_கம்பி
பலம் தேவையில்லை என்று அண்ணன் சொன்னதற்குக் கணக்கு இதோ.

10-46 செட்டை 648 ஸ்கேலில் ஏற்றினால் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 46 கிலோ. நெக்கின் குறுக்குவெட்டை 48 அகலம், 20 ஆழம் கொண்ட அரை நீள்வட்டமாக எடுத்துக்கொண்டால், அந்த இழுப்பில் உலோகத்துக்குள் ஏற்படும் தகைவு 3 மெகாபாஸ்கல் வாக்கில்தான். 6061-டி6 வளைந்து நிரந்தரமாக நிற்க 275 வேண்டும். ஜன்னல் பிரேம் 6063-டி5 கூட 145 தாங்கும். ஆக எந்த கிரேடு எடுத்தாலும் ஒடியாது, மடங்காது.

நெக்குக்கு முக்கியம் பலம் இல்லை, விறைப்பு. விறைப்பைத் தீர்மானிக்கும் யங் மாடுலஸ் எல்லா அலுமினியக் கலவையிலும் ஏறத்தாழ ஒன்றுதான், 69 முதல் 72 கிகாபாஸ்கல். 7075 வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது பில் மட்டும்.

ட்ரஸ் ராடுக்கும் இதே கணக்குதான் பதில். மேலே சொன்ன அளவில் கம்பி ஏற்றினால் முதல் ஃப்ரெட்டுக்கும் பதினைந்தாவது ஃப்ரெட்டுக்கும் நடுவே வரும் வளைவு சுமார் 0.07 மி.மீ. தனியாக 6 மி.மீ. ஃப்ரெட்போர்டு ஒட்டினால் கம்பி இன்னும் உயரப் போவதால் 0.1. இதே வடிவத்தில் மேப்பிள் என்றால் ஐந்து மடங்குக்கு மேல், 0.4 தாண்டும். அதனால்தான் மரத்துக்கு ராடு வேண்டியிருக்கிறது. அலுமினியத்தில் கம்பி இழுப்பே நமக்கு வேண்டிய ரிலீஃபை (கம்பி ஃப்ரெட்டில் உரசாமல் இருக்க வேண்டிய லேசான குழிவு) கொடுத்துவிடுகிறது. ஆனால் செய்து முடித்த பிறகு திருத்த வழி கிடையாது. மேற்பரப்பு 0.1 மி.மீ. கோணலாக வந்தால் அந்தக் கோணலோடுதான் வாசிக்க வேண்டும், அல்லது ஃப்ரெட்டைத் தேய்த்துத் தீர்க்க வேண்டும்.

கொருக்குப்பேட்டை_கார்டு
அப்போ 50 × 25 செவ்வக ட்யூபையே நெக்கா போட்டா?

ஆறாவது_கம்பி
சிரிக்க வேண்டாம், 50 × 25 × 3 ட்யூப் அந்தக் கெட்டி நெக்கைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்பு, எடை ஒரு மீட்டருக்கு 1.1 கிலோதான். கை மட்டும் ஒத்துக்காது. ஸ்லைடு கிடார், மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிடாருக்கு அது அருமையான வழி.

பழைய_கேட்டலாக்
அமெரிக்காவில் இதையெல்லாம் செய்து பார்த்து, அடிபட்டு, மாற்றிய வரலாறு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது.

வணிகரீதியில் வெற்றிபெற்ற முதல் எலெக்ட்ரிக் கிடாரே அலுமினியம்தான்: 1932-இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் ‘ஃப்ரையிங் பேன்’. பாடியும் நெக்கும் ஒரே வார்ப்பு. மேடை விளக்குச் சூட்டில் சுருதி நகர்கிறது என்ற புகாரில் 1935-இல் பேக்லைட் மாடல் கொண்டுவந்தார்கள். அப்புறம் இத்தாலியில் வாண்ட்ரே, ஃப்ளோரிடாவில் பாடியும் நெக்கும் உலோகமாகவே செய்த ஜான் வெலினோ.

நமக்கு உதவும் இரண்டு டிசைன் 70-களில் வந்தவை. டிராவிஸ் பீன், 1974 முதல் 1979 வரை: 6061-டி6 கட்டையிலிருந்து கடைந்த நெக், பாடிக்குள் பிரிட்ஜ் வரைக்கும் போகும். பிரிட்ஜும் பிக்கப்பும் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) அந்த உலோகத்திலேயே நிற்கும். ஹெட்ஸ்டாக்கில் (ட்யூனர் இருக்கும் தலைப்பகுதி) T வடிவ ஓட்டை. ஜெர்ரி கார்சியா, ஸ்டீவ் ஆல்பினி போன்ற கிடார் கலைஞர்கள் கையில் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து பிரிந்த கேரி கிரேமர் தொடங்கிய கிரேமர் கம்பெனி இன்னொரு வழி எடுத்தது: T வடிவ அலுமினியத் தண்டு, பின்பக்கம் இரண்டு பக்கமும் மரப் பட்டை பதித்தது, மேலே எபனால் என்ற பினாலிக் (செயற்கைப் பிசின்) போர்டு, ஜீரோ ஃப்ரெட் (நட்டு பக்கத்தில் கம்பியைத் தாங்கும் ஃப்ரெட்), இசைக்கவை மாதிரி பிளந்த ஹெட்ஸ்டாக். மரம் பதித்ததால் கை ஜில்லிடாது, எடையும் குறையும். 2000-களில் கெவின் பர்கெட்டின் எலெக்ட்ரிக்கல் கிடார் கம்பெனி டிராவிஸ் பீன் பாணியை மறுபடி எடுத்தது.

போல்ட்-ஆன் பாடி வைத்திருப்பவர் பார்க்க வேண்டியது கிரேமரை. டிராவிஸ் பீன் படங்களைக் கொண்டுபோய்ப் பட்டறையில் காட்டினால் வேறு கிடாருக்கு எஸ்டிமேட் போடுவார்கள்.

லேத்துப்பட்டறை
ஹீல் (பாடி பாக்கெட்டுல உக்கார்ற நெக் அடிப்பகுதி) அளவு சொல்றேன், எழுதி வெச்சுக்கங்க. அகலம் 56, பாக்கெட் ஆழம் 16, ஹீல் தடிமன் ஃப்ரெட்போர்டோட சேத்து 25.4. நாலு ஓட்டை நடுவுக்கு நடு 51 × 38. ஆனா காப்பி பாடிங்கள்ல பாக்கெட் 55.5-லேர்ந்து 56.5 வரைக்கும் மாறும், வெர்னியர் வெச்சு உங்க பாடியை அளந்துதான் குடுக்கணும். மரத்துல கொஞ்சம் டைட்டா இருந்தா அழுத்தி ஏத்திடலாம், உலோகத்தை அப்படி ஏத்தினா பாக்கெட் ஓரத்துல பெயிண்ட் வெடிக்கும். ரெண்டு பக்கமும் 0.1 விட்டுடுங்க.

மர ஸ்க்ரூ இதுக்கு ஆகாது. எம்5 மரை போடுங்க: 4.2 டிரில், 16 ஆழம், அடைச்ச ஓட்டை. பாடி 45 தடிமன்னா பாக்கெட் போக 29, ப்ளேட் 2, ஆக எம்5 × 40 போட்டா 9 மி.மீ. மரை பிடிக்கும். அலுமினியத்துக்கு அது போதும். அடிக்கடி கழட்டி மாட்டறவங்களா இருந்தா முதல்லயே ஹெலிகாயில் (எஃகு மரைச் சுருள்) போட்டுடுங்க, ஏன்னா மரை தேயறது அலுமினியந்தான், ஸ்க்ரூ இல்ல. பாடி ஓட்டையை 5.5-க்குப் பெருசு பண்ணணும், பாடிக்குள்ள ஸ்க்ரூ சும்மா போயிட்டு வரணும்.

டேப் போடறப்ப மண்ணெண்ணெய். இப்ப அது எங்க கிடைக்குதுன்னு கேக்காதீங்க, டபிள்யூடி-40 போதும். காய்ஞ்சு ஓட்டினா டேப் பல்லுல அலுமினியம் ஒட்டிக்கிட்டு மரையைப் பிச்சுடும். ட்யூனர் பின்னாடி வர்ற சின்ன ஸ்க்ரூக்கு எம்2 டேப், 1.6 டிரில், அங்கதான் டேப் ஒடியும், கால் சுத்து முன்ன, கால் சுத்து பின்னன்னு போகணும். ஒடிஞ்சா உள்ள இருக்கறதை எடுக்கறது பெரும்பாடு.

விஎம்சி (கம்ப்யூட்டர்ல ஓடற மில்லிங் மெஷின்) ஆளுகிட்ட சொல்ல வேண்டியது: ரெண்டு பல் கார்பைடு கட்டர், ரெண்டு பக்கமும் 1 மி.மீ. விட்டு ரஃப் அடிச்சுட்டு வைஸை முழுசா தளர்த்தி, திரும்ப லேசா பிடிச்சு ஃபினிஷ். இதைச் சொல்லலன்னா ஒரே பிடில முடிச்சுக் குடுப்பாங்க. வைஸ்ல நேரா இருக்கும், மேசைல வெச்சா ஃபீலர் கேஜ் உள்ள போகும்.

கொருக்குப்பேட்டை_கார்டு
எடை? கெட்டியா விட்டா ஹெட்ஸ்டாக் தரையைப் பாக்குமே?

ஆறாவது_கம்பி
பார்க்கும். ஹீல், ஹெட்ஸ்டாக் இல்லாமல் 450 மி.மீ. தண்டு மட்டுமே 900 கிராம். மேப்பிள் நெக் முழுசும் 600-650-தான்.

போர்டுக்கு அடியில் 20 அகலம், 10 ஆழத்துக்கு ஒரு கால்வாய் வெட்டினால் 225 கிராம் குறையும், விறைப்பில் கால் பங்கு போகும். போர்டு ஒட்டியதும் அதில் கொஞ்சம் திரும்ப வரும். ஹெட்ஸ்டாக்கை 12 மி.மீ.க்குச் சீவி நடுவில் திறப்பு விடுங்கள். டிராவிஸ் பீனின் T ஓட்டை வெறும் முத்திரை என்று நினைப்பவர்கள் அதை மூடி ஒரு முறை தோளில் மாட்டிப் பார்க்கலாம்.

பெரம்பூர்_பேஸ்மேன்
ஃப்ரெட் விஷயத்துக்கு யாரும் வரலியே. ஸ்லிட்டிங் சா போட்டு அலுமினியத்துலயே நேரா வெட்டினா என்ன? 63 விட்டம், 0.6 தடிமன் ப்ளேடு கிடைக்குது.

லேத்துப்பட்டறை
ப்ளேடு கிடைக்கும் பாஸ், மாட்டற மெஷின் எங்க? விஎம்சி ஸ்பிண்டில் செங்குத்து, ப்ளேடு படுத்துக்கிட்டு சுத்தும். நெக்கை நிக்க வெச்சாத்தான் வெட்டும். பழைய ஹரிசாண்டல் மில்லிங்ல வெட்டலாம், ஆனா நெக்கை டேபிளுக்குக் குறுக்க போடணும், குறுக்கு ஓட்டம் 200, 250-தான் இருக்கும். ரெண்டு தடவை மாத்திப் பிடிக்கணும். மாத்திப் பிடிச்ச எடத்துல 0.2 போச்சுன்னா அந்த ஃப்ரெட்லேர்ந்து மேல எல்லாம் அபஸ்வரம். 0.6 எண்ட் மில் போட்டா 8000 ஆர்பிஎம் மெஷின்ல ஒரு தடவைக்கு 0.05 இறக்கி 2 மி.மீ. போகணும், 22 காடி. கட்டர் பாக்கெட்டோட வாங்கி வெச்சுக்கங்க.

பெரம்பூர்_பேஸ்மேன்
சரி, டேபிள் ஓட்டத்தை நான் யோசிக்கல. அப்போ தனி போர்டு.

பழைய_கேட்டலாக்
நேராக வெட்டினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஃப்ரெட் கம்பியின் கால் 0.5 மி.மீ., அதன் பக்கத்துப் பல்லோடு சேர்த்து 0.75 வரை வரும். மரம் அந்தப் பல்லுக்கு இடம் கொடுத்துத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அலுமினியம் கொடுக்காது: பல் பக்கச் சுவரைச் சுரண்டிக்கொண்டு இறங்கும், இல்லாவிட்டால் 22 ஆப்பு சேர்ந்து நெக்கையே பின்னால் வளைக்கும். அதனால் காடியை 0.65-0.7 விட்டு, பல்லை அரத்தால் லேசாகத் தட்டி, எபாக்சியில் உட்கார வைத்து கிளாம்ப் போட வேண்டும். பிடிப்பு எபாக்சியுடையது, பல்லுடையது இல்லை.

தனி போர்டு என்றால் என் ஓட்டு ஹைலம் ஷீட்டுக்கு. மின் பேனல் செய்பவர்கள் வாங்கும் அதே பழுப்பு, கறுப்பு ஷீட்தான். 6 மி.மீ. வாங்குங்கள், பேப்பர் கிரேடு வேண்டாம், துணி கிரேடு கேளுங்கள். பேப்பர் கிரேடு காடி வெட்டும்போது விளிம்பில் செதில் செதிலாகப் பெயரும். கிரேமர் போட்ட எபனாலும் இதே குடும்பம்தான். தூசியை மூக்கில் ஏற்றாதீர்கள், மாஸ்க் கட்டாயம்.

காடி அளவு: ஸ்கேலை 17.817-ஆல் வகுத்தால் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட், 36.37. மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுக்க வேண்டும். கணக்கை அப்படிப் போடுங்கள், ஆனால் குறிக்கும்போது ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். பன்னிரண்டாவது மிகச்சரியாக 324-இல் விழ வேண்டும்.

உப்புக்காத்து
ரோஸ்வுட் போட்டா என்ன குறை? டிராவிஸ் பீன்ல அதானே?

ஆறாவது_கம்பி
போடலாம். ஆனால் மரம் நார் வாக்கில் வெப்பத்துக்கு மிகக் கொஞ்சம்தான் நீளும், ஒரு டிகிரிக்கு மில்லியனில் 4, 5 பங்கு. அலுமினியம் 23.6. இரண்டையும் இறுக்கி ஒட்டி 20 டிகிரி சூடேற்றினால் பின்பக்கம் அதிகம் நீண்டு, நெக் கம்பிப் பக்கம் குழியும். கணக்குப்படி 0.1 மி.மீ. வாக்கில் ரிலீஃப் கூடும். பெரிய தப்பில்லை, வெயிலில் ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) ஏறினது மாதிரி தெரியும். ஹைலம் அலுமினியத்தோடு ஏறத்தாழ சேர்ந்தே நகரும்.

ஒட்டுவதற்கு ஐந்து நிமிட அரால்டைட் வேண்டாம், 24 மணி நேரச் சாதா அரால்டைட். அலுமினியத்தை 80-ஆம் நம்பர் எமரியில் சுரண்டி, அசிட்டோனில் துடைத்து, அந்தச் சூட்டோடு ஒட்டிவிட வேண்டும். காலையில் சுரண்டிச் சாயங்காலம் ஒட்டினால் ஆக்சைடு மேல் ஒட்டுகிறீர்கள்.

பெரம்பூர்_பேஸ்மேன்
சுருதி நிக்காதுன்னு எல்லா இடத்துலயும் எழுதறாங்களே, அது எவ்வளவு உண்மை?

ஆறாவது_கம்பி
நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை முழுக்க உலோகம் என்றால் உண்மை. கம்பி எஃகு, டிகிரிக்கு மில்லியனில் 11.7 பங்கு நீளும். நெக் 23.6. இரண்டும் 10 டிகிரி சூடானால் கம்பி கூடுதலாக இழுபடும்: சன்ன ஈ கம்பி 15 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறும், சுற்றில்லாத 17 ஜி கம்பி 40 சென்ட் ஏறும். இரண்டும் ஒரே அளவு ஏறினால்கூடச் சமாளிக்கலாம், கார்டே கலைந்துவிடுகிறது. காரணம், ஜி தடிமனானது, சுருதியில் நிற்கும்போது அது நீண்டிருப்பது கால் சதவீதம்தான். சன்ன ஈ 0.7 சதவீதம் நீண்டிருக்கும். அதே சின்ன மாற்றம் ஜி-யை அதிகம் தாக்கும்.

போல்ட்-ஆனில் கதை வேறு. ஸ்கேலில் உலோகம் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, மிச்சம் மர பாடி. அதே 10 டிகிரிக்கு ஜி சுமார் 22 சென்ட்தான் ஏறும். முழு மரக் கிடாரில் மரம் நீளாமல் கம்பி மட்டும் நீள்வதால் ஜி சுமார் 26 சென்ட் *இறங்கும்*. அளவு ஏறக்குறைய அதே, திசைதான் எதிர். ஆக போல்ட்-ஆனைப் பொறுத்தவரை அந்தப் பழி பாதிக்கு மேல் வீண்பழி.

நிஜமாகத் தொல்லை கொடுப்பது தாமதம். வெளியே 38, ஹாலுக்குள் ஏசி 22 என்று வையுங்கள். கம்பி நொடிகளில் ஆறும், ஒரு கிலோ நெக் ஆற அரை மணி ஆகும். ஜி முதலில் 60 சென்ட் வரை மேலே ஏறி, பிறகு நெக் சுருங்கச் சுருங்க இறங்கி, ஆரம்பித்த இடத்துக்கும் 35 சென்ட் கீழே போய் நிற்கும். உள்ளே நுழைந்ததும் ட்யூன் செய்வது வீண் வேலை. பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் கேபிள் வேலையைப் பாருங்கள்.

உப்புக்காத்து
ஏசிலேர்ந்து வெளிய வரும்போது இன்னொரு கூத்து இருக்கு. நம்ம ஊர்ல கோடைல பனிப்புள்ளி 24, 26 டிகிரின்னு நிக்கும். 22-ல இருக்கற உலோக நெக்கை வெளிய எடுத்தா கூல்டிரிங்ஸ் பாட்டில் மாதிரி வேர்த்து ஊத்தும். மரத்துல இது தெரியாது. அந்தத் தண்ணி கம்பி மேலயும் ஃப்ரெட் அடியிலயும் நிக்கும். பெட்டியை மூடியே எடுத்துட்டு வந்து, வெளிச் சூட்டுக்கு வந்தப்புறம் திறக்கணும்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கரையோரம்னா அரிப்பைப் பத்திச் சீரியஸா யோசிக்கணும். வெறும் அலுமினியம் தனியா இருந்தா மேல ஆக்சைடு படிஞ்சு தன்னைக் காப்பாத்திக்கும், ஆனா உப்பு படிஞ்ச எடத்துல புள்ளிப் புள்ளியா குழி விழும். வேற உலோகம் தொட்டுக்கிட்டு, நடுவுல உப்புத் தண்ணியோ வேர்வையோ இருந்தா பேட்டரி ஆயிடும், கரையறது அலுமினியந்தான். பித்தளைதான் மோசமான ஜோடி. அதனால பித்தளை நட்டு வேண்டாம், எலும்பு போடுங்க, இல்ல ஸ்டெயின்லெஸ் ஜீரோ ஃப்ரெட். ஸ்க்ரூ 316 ஸ்டெயின்லெஸ், காசிமேட்டுல படகு சாமான் கடைல கேட்டுப் பாருங்க. மரைல ஆன்டி-சீஸ் தடவாம இறுக்கினா ரெண்டு மழைக்காலம் போனப்புறம் ஸ்க்ரூ வராது, தலை அறுந்துடும்.

ஆனடைசிங் பண்ணிடுங்க. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பண்றவங்க இருக்காங்க. கிளியர், 15-20 மைக்ரான், சீலிங் கட்டாயம். முன்னாடி சொல்ல வேண்டியது மூணு. மரை ஓட்டையை அடைக்கணும், ஏன்னா பூச்சு ஏறினா எம்5 ஸ்க்ரூ போகாது. போர்டு ஒட்டற பரப்பை மறைக்கணும். ஃப்ரெட், போர்டு எதுவும் ஏத்தாம வெறும் நெக்கா குடுக்கணும். ஃப்ரெட்டோட தொட்டில போட்டா ஃப்ரெட்டும் போச்சு, நெக்கும் போச்சு.

பெரம்பூர்_பேஸ்மேன்
பவுடர் கோட்டிங்?

உப்புக்காத்து
180-200 டிகிரில வேக வெப்பாங்க. போர்டு ஒட்டறதுக்கு முன்னாடின்னா பரவால்ல. கைல ஒட்டும், எனக்குப் பிடிக்கல.

மின்கம்பி
நெக்கைப் பற்றி எல்லாம் பேசியாயிற்று, உயிரைப் பற்றி யாரும் பேசவில்லை.

மரக் கிடாரிலும் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஜாக்கின் (கேபிள் சொருகும் இடம்) எர்த்து முனையான ஸ்லீவுக்கும், அங்கிருந்து ஆம்ப் சேஸிஸுக்கும் போகின்றன. உலோக நெக்கும் ட்யூனர் வழியாக அதே இணைப்பில் இருக்கும். சுற்று ஒன்றுதான். வித்தியாசம், இங்கே உள்ளங்கை முழுக்க வேர்வையோடு உலோகத்தைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. ஷாக் அடித்தால் தசை இறுகும், விட முடியாது.

ஆபத்து வருவது இரண்டு கருவிகளுக்கு நடுவே. கிடார் ஆம்ப் ஒரு போர்டில், மிக்ஸர் வேறு போர்டில். பந்தலுக்கு இழுத்த வயர் இரண்டு கம்பிதான், எர்த்து இல்லை. ஆம்பின் மூன்றாவது பின்னை உடைத்து இரண்டு பின்னாக்கி வைத்திருப்பார்கள். ஆம்புக்குள் இன்சுலேஷன் போனால் சேஸிஸ் 230 வோல்ட்டில் நிற்கும். பாடுகிறவர் நெக்கைப் பிடித்தபடி உதட்டை மைக்கில் வைத்தால் சுற்று முடிந்தது. தெருக் கச்சேரி, கோயில் திருவிழா, சாவு வீட்டு கானா, எங்கேயும் இதைச் சோதிக்காமல் தொடக்கூடாது.

சோதனை: மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை நெக்கில், மறு முனையை மைக் வலையில். இரண்டு வோல்ட்டுக்குக் கீழே என்றால் வாசிக்கலாம். 60 முதல் 115 வரை காட்டினால் எர்த்து இல்லாத எஸ்எம்பிஎஸ் (அடாப்டர் வகைப் பவர் சப்ளை) கசிவாக இருக்கலாம், டிஜிட்டல் மீட்டரின் பேய் வோல்ட்டேஜாகவும் இருக்கலாம். கிளிப் வைத்து 47 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டரை அதே இரண்டு புள்ளிக்கு நடுவே போடுங்கள், கையில் பிடிக்காதீர்கள். பத்து, பதினைந்து வோல்ட்டுக்கு விழுந்தால் சின்னக் கசிவு. விழாமல் நின்றால் நிஜமான ஃபால்ட், அந்த ஆம்பை ஓரங்கட்டுங்கள். நேராக 200-க்கு மேல் காட்டினால் ரெசிஸ்டர் சோதனையே வேண்டாம், மெயினை நிறுத்துங்கள்.

மேடைக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மெயினை அறுக்கும் சுவிட்ச்) ஒன்று இருக்கட்டும். ஜெனரேட்டரில் ஓட்டினால் நியூட்ரலும் எர்த்தும் ஜெனரேட்டரிலேயே இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஆர்சிசிபி விழாது.

கொருக்குப்பேட்டை_கார்டு
அண்ணே, பிரிட்ஜ் எர்த்துல 0.22 மைக்ரோஃபாரட் கெப்பாசிடர் சீரிஸ்ல போட்டா ஷாக் அடிக்காதுன்னு ஒரு வயரிங் படத்துல இருந்துது.

மின்கம்பி
அந்தப் படம் டிசி-யைத்தான் தடுக்கும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 0.22-இன் தடை 14.5 கிலோஓம், அதாவது 16 மில்லிஆம்பியர் போகும். அது கையை விட முடியாத அளவு. 0.01 போட்டால் 318 கிலோஓம், 0.7 மில்லிஆம்பியர்; கூச்சம் தெரியும், ஆபத்தில்லை. போடுவதானால் 0.01, வொய் வகுப்பு (மெயின் வோல்ட்டேஜுக்கென்றே செய்த பாதுகாப்பு வகை). சாதா செராமிக் ஷார்ட்டானால் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டே வாசிப்பீர்கள். ஜாக் ப்ளேட், உலோகக் குமிழ் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு நேராக எர்த்தில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

என் கருத்தில் உலோக நெக்குக்கு ஒரே நிம்மதி வயர்லெஸ். பேட்டரி டிரான்ஸ்மிட்டர் போட்டால் கிடாருக்கும் ஆம்புக்கும் கம்பித் தொடர்பே கிடையாது.

பெரம்பூர்_பேஸ்மேன்
கடைசியா சவுண்டு. பியானோ மாதிரி மணி அடிக்கும்னு சொல்றாங்க, அது நெசமா?

பழைய_கேட்டலாக்
நெக் விறைப்பாக இருப்பதால் அது கம்பியின் சக்தியைக் குறைவாகத் திருடும். டெட் ஸ்பாட் என்று ஜி கம்பியில் அஞ்சாவது, ஏழாவது ஃப்ரெட் வாக்கில் மரக் கிடார்களில் சட்டென்று செத்துப்போகும் சுரம் இருக்கிறதே, அது வெகுவாகக் குறையும். இது காதுக்குத் தெரியும் வித்தியாசம். அதற்கு மேல் ‘உலோக டோன்’ என்று சொல்வதில் பாதி பிக்கப் வேலை. டிராவிஸ் பீனின் ஹம்பக்கரை (இரட்டைச் சுருள் பிக்கப்) கழற்றிவிட்டுப் பேசட்டும்.

பிக்கப்பைச் சுற்றி மூடிய அலுமினிய வளையம் வராமல் பாருங்கள். அதில் சுழல் மின்னோட்டம் ஓடி ட்ரெபிளைத் தின்றுவிடும். வளையத்தில் ஒரு இடத்தில் 1 மி.மீ. வெட்டிவிட்டால் ஓட்டம் அறுபடும். போல்ட்-ஆனில் ஹீல் நெக் பிக்கப்புக்கு முன்னாலேயே முடிவதால் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கொருக்குப்பேட்டை_கார்டு
ரொம்ப நன்றி. 6082, கால்வாய் வெட்டி, துணி கிரேடு ஹைலம், எலும்பு நட்டு, கிளியர் ஆனடைசிங்னு எழுதிட்டேன். ஒரு சந்தேகம்: ஆனடைசிங் பூச்சு கரண்ட் கடத்தாதுன்னா, நெக் எர்த்துல இருக்கான்னு எப்படித் தெரியும்? ஹம் வருமே?

மின்கம்பி
ட்யூனரை நம்ப வேண்டாம், பூச்சு மேல் உட்கார்ந்தால் தொடர்பு வரலாம், வராமலும் போகலாம். பாக்கெட்டுக்குள் மறையும் ஹீல் அடியில் எம்3 மரை ஒன்று போட்டு, அதைச் சுற்றி 10 மி.மீ. வட்டத்தில் பூச்சைச் சுரண்டி, ரிங் டெர்மினல் மாட்டி, பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். வயர் கண்ட்ரோல் குழிக்குப் போகட்டும். மேலே வாசலின் தடவுங்கள், உப்பு ஏறாது. கெப்பாசிடர் போடுவதாக இருந்தால் இந்த வயரையும் பிரிட்ஜ் வயரையும் ஒன்றாகச் சேர்த்து அதன் வழியாகவே விடவேண்டும்.

மீட்டரை ஓமில் வைத்து ஜாக் ஸ்லீவுக்கும் நெக்குக்கும் பாருங்கள், நெக் பக்க முனையைச் சுரண்டிய இடத்திலோ மரைக்குள்ளோ வையுங்கள். பூச்சு மேல் வைத்தால் எதுவும் காட்டாது. கெப்பாசிடர் இல்லாமல் ஒரு ஓமுக்குக் கீழே வர வேண்டும். பெட்டியில் ரெண்டு மாதம் வைத்து எடுத்தபின் அது அஞ்சு, பத்து ஓம் என்று ஏறியிருந்தால் வாஷர் அடியில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். கழற்றிச் சுரண்டி மறுபடி இறுக்குங்கள்.